விழுங்கும் சத்தம்

கட்டிலின் கால்மாட்டில் நாத்தனார் ரெஜினா, வாசற்படியில் மாமியார் அந்தோணியம்மாள், ஜன்னலோர முக்காலியில் பக்கத்து வீட்டு ஞானப்பூ. நடுவில், பதினெட்டு நாள் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி ஜெசிந்தா. மூன்று பேரின் கண்களும் அவள் மார்பிலேயே இருந்தன. பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வீரிட்டது.

“சுறாப்புட்டு, பூண்டுக்குழம்பு எல்லாம் ஆக்கிப் போட்டாச்சு. கல்லுல தண்ணி ஊத்துன மாதிரில்லா இருக்கு,” என்றாள் மாமியார்.

“எங்க வீட்டு ஆடு இதவிட நல்லாக் கறக்கும்,” என்றாள் ஞானப்பூ.

“ஏட்டி ரெஜினா, தாளை எடு. இவ அம்மைக்கு எழுது. உங்க மகளுக்குப் பால் இல்ல, பிள்ளை மெலியுது, வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்கன்னு எழுது,” என்றாள் மாமியார்.

பால் இல்லாதவள் என்ற பேரோடு போனால் திரும்ப அழைக்க ஆள் வராது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

மூன்று தலைகளும் தாளின் மேல் கவிழ்ந்தன. பிள்ளை பிறந்ததிலிருந்து, பால் கொடுக்கும்போது அவளை யாரும் பார்க்காமல் இருந்தது அப்போதுதான். மார்பு கனத்துக் குறுகுறுத்தது. பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கத் தொடங்கியது. அதன் கடைவாயில் பால் வழிந்தது.

“வேற ஏதாவது எழுதணுமா மதினி?” ரெஜினா நிமிராமலே கேட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். நாளைக்கும் மூன்று பேரும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெசிந்தா சேலைத் தலைப்பை இழுத்து, விழுங்கும் சத்தம் வெளியே கேட்காதபடி பிள்ளையின் தலையை மூடினாள்.

“சீக்கிரம் வரச் சொல்லி எழுது,” என்றாள்.

ரெஜினா சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்கு நடந்தாள்.