மேட்டில் கரி போட்டவர்

இருபது வருடம் துருப்பிடித்துக் கிடந்த நீராவி என்ஜின் அன்றுதான் மறுபடி ஓடியது. பழுதுபார்த்த இரண்டு பேர் மட்டுமே அதில் இருந்தார்கள். ஓட்டியவர் அக்காள் புருஷன், கரி போட வேண்டியவன் மச்சினன்.

தண்டவாளத்தின் இருபுறமும் ஊரே திரண்டு நின்றது. மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தி, எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தான். மேடு ஏறி, தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. வழி முழுக்க அவன் கரியே போடவில்லை. பாதி மேட்டில் வண்டி நின்றிருந்தால் சந்தி சிரித்திருக்கும்.

அத்தான் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "பின்னிட்ட மாப்ள! ஆவி மீட்டர் முள்ளு ஒரு தடவைகூடக் கீழ இறங்கலையே!"

"அத்தான், நீங்களா கரி போட்டீங்க?"

"நான் லீவரை விட்டுட்டு எப்படிடா வர்றது? பின்னால நீதான கரக்கு கரக்குன்னு அள்ளிக்கிட்டே இருந்த!"

அடுப்பைத் திறந்தான். தீ வெள்ளை வெளேரென்று எரிந்தது. கரி மூலைவரை சீராகப் பரவியிருந்தது. அவனுக்கு இன்னும் அப்படிப் பரப்ப வராது. கரி அள்ளும் ஷவலை எடுத்தான். அதன் கைப்பிடி வியர்வையில் நனைந்திருந்தது. அவன் உள்ளங்கைகளில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

அத்தான் விசிலை இழுத்தார். கூட்டம் ஆரவாரித்தது. அடுத்த மேடு முன்னால் நின்றது.

அவன் ஷவலைப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தான். அள்ளுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி, தலையை வெளியே நீட்டிக் கையாட்டத் தொடங்கினான்.

முதுகுக்குப் பின்னால் கரக்கென்றது.