நைஸ் கிளி

கிளிக்கூண்டின் கொக்கியை மாட்ட யாரோ மறந்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்த சுண்டெலி கூண்டருகே ஓடி வந்தது.

“கிளியக்கா, கதவு திறந்திருக்கு. சீக்கிரம் பறந்து போயிடுங்க.”

“விருந்தாளிங்க வர்ற நேரம். என்னைப் பார்த்து ‘நைஸ்’னு சொல்வாங்க. கேட்டுட்டுப் போறேன்.”

அந்த வீட்டு ஆங்கில அகராதியைத் தின்றே வளர்ந்தது சுண்டெலி. அந்தச் சொல்லின் பூர்வீகம் அதற்குத் தெரியும்.

“அக்கா, ஆதியில ஒண்ணும் தெரியாத பேதைங்களைத்தான் அப்படிச் சொன்னாங்க.”

“படிச்ச திமிர் கேள்விப்பட்டிருக்கேன். உனக்குத் தின்ன திமிரா?” என்று கிளி இறகைக் கோதிக்கொண்டது.

விருந்தாளிகள் வந்தார்கள். ஓர் அம்மாள் கூண்டருகே குனிந்து, “நைஸ்” என்றாள். பூனை வந்துவிடக் கூடாதே என்று கொக்கியை மாட்டிவிட்டுப் போனாள்.

கிளி சுண்டெலியிடம் திரும்பியது.

“கேட்டியா? எவ்வளவு ஆசையாச் சொன்னாங்க.”