இரவல் மூக்கு

"நல்லா மூச்சை இழுத்துச் சொல்லு. நாறுதா, இல்லையா?"

வேலியோரம் மனைவியை நிறுத்தி வைத்து மேற்பார்வையாளர் கேட்டார். சாக்கடைக் கசடை மரத்தூளோடு கலந்து உரமாக்குகிற களம் அது. பன்னிரண்டு வருஷம் அந்த ஆவியிலேயே நின்றதில், மனுஷனுக்கு மூக்கு செத்து இரண்டு வருஷமாகிறது. வெளியே தெரிந்தால் வேலைக்கு வேட்டு. அதனால் தினமும் காலையில், களத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸிலிருந்து மனைவியைக் கூட்டிவந்து, அவள் மூக்கை இரவல் வாங்கித்தான் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதுவரை அவள் சொல் தப்பியதில்லை. குவியலின் சூட்டையும் ஈரத்தையும் பார்த்து அவரே சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவளும் "நாறுது" என்றிருக்கிறாள். என்ன மூக்குடா சாமி என்று அவருக்குப் பெருமை வேறு.

இன்றைக்குப் பத்து மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். பக்கத்துத் தெருக்காரர்கள் மூன்று மாதமாகப் புகார் எழுதித் தள்ளியிருந்தார்கள். வேலியருகே நாற்றம் அடித்தால் களத்துக்குப் பூட்டு. வேலையோடு வீடும் போகும். விடிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையைக்கூட இரண்டு தடவை மாற்றிவிட்டார்.

மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "லேசா அடிக்கிற மாதிரிதான் இருக்குங்க."

போச்சு, எல்லாம் போச்சு. அடித்துப் பிடித்து ஓடி, மூன்றாம் குவியலைக் கிளறிவிடச் சொன்னார். அது பாட்டுக்கு நன்றாகத்தானே மக்குகிறது, இப்போது போய் ஏன் கைவைக்க வேண்டும் என்று லோடர் டிரைவர் முகமூடிக்குள்ளிருந்து இழுத்தார். சொன்னதைச் செய் என்று மேற்பார்வையாளர் அவர்மேல் பாய்ந்தார். குவியல் பிளந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. உள்ளே அடைந்து கிடக்கும் வாயு போய்விட்டால் அரை மணியில் எல்லாம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு ஆவியும் அடங்கியது, அவருக்கும் உயிர் வந்தது. வேலிக்குத் திரும்பினார்.

"இப்போ?"

"இப்ப நாத்தமே இல்லைங்க."

அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார். அதற்குள் கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

"ஏழு மணிக்கே சொல்லாம வந்து, இந்த வேலியைச் சுத்திப் பார்த்துட்டுத்தான்யா போனேன். துளி நாத்தம் இல்ல. அதுக்குள்ள எதைக் கிளறி வச்சீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் நோட்டீஸை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

மேற்பார்வையாளர் வெடுக்கென்று மனைவி பக்கம் திரும்பினார். "காலையில நாறுதுன்னு சொன்னியே, ஏன் சொன்ன?"

அவள் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே எனக்கு மூக்கு போயிடுச்சுங்க. தினமும் உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்லிட்டிருந்தேன்."