செவ்வாய்க்கிழமைச் சங்கம்

போடிநாயக்கனூர் தங்கப்பாண்டிக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. 'சங்கம்' என்ற சொல் ஒன்றுதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

அவருடைய ஏலக்காய் ஷெட்டில் பெண்கள் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்கள். கக்கூஸ் வேணும், போனஸ் வேணும் என்று போன வருஷம் வாயைத் திறந்த கஸ்தூரியம்மாளை மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினார். அதற்கப்புறம் ஷெட்டில் ஒரு சத்தமில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம்.

தை பிறந்ததிலிருந்து செவ்வாய்தோறும் வேலை முடிந்ததும் எல்லாரும் தங்களில் ஒருத்தியான உமாதேவி வீட்டில் கூடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கேட்டால் ஔவை நோன்பாம். ஆம்பிளை எட்டிப் பார்க்கக் கூடாதாம். கொழுக்கட்டையைக் கண்ணால்கூடக் காணக் கூடாதாம்.

"நோன்பு ராத்திரியிலதானே கும்பிடுவாக?" என்றார்.

"கடைசி பஸ் போயிருமே முதலாளி!" என்றாள் உமாதேவி.

தங்கப்பாண்டியா விடுவார்? ஆம்பிளைதானே போகக் கூடாது! மனைவி ஜோதிலட்சுமியை அனுப்பினார். ஷெட்டைத் திறப்பது, தராசில் நிற்பது, சாக்கு தைப்பது எல்லாம் அவள்தான். சம்பளம் கேட்காத ஒரே விசுவாசி.

"நோன்பு பாதி, சங்கம் பாதிங்க. தலைவிகூடத் தேர்ந்தெடுத்தாச்சு" என்று வந்து சொன்னாள்.

"யாரு, உமாதேவியா?"

"நோன்புல நடந்ததை ஆம்பிளைகிட்டச் சொல்லக் கூடாதுங்க. சாமி கண்ணைக் குத்திரும்."

"சரி, பேரைச் சொல்லாத" என்று முதல்தரக் காயில் ஒரு பாக்கெட் கட்டி நீட்டினார். "நாளைக்கு இதை அந்தத் தலைவி பையில கமுக்கமாப் போட்டுரு. மத்ததைப் போலீஸ் பாத்துக்கும். திருட்டுக் கேஸ்ல அவ உள்ள போனா, சங்கம் தன்னால கலைஞ்சிரும்."

"ஐயோ, பாவங்க!"

"பாவம் பாத்தா ஏவாரம் பண்ண முடியுமா? யாரா இருந்தாலும் விடக் கூடாது."

"யாரா இருந்தாலுமா?"

"ஆமாத்தா!"

ஜோதிலட்சுமி பாக்கெட்டை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஷெட் வாசலில் ஏட்டம்மா ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்த்தார். தங்கப்பாண்டி நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, வேடிக்கை பார்த்தார்.

உமாதேவி பையில் காலித் தூக்குச்சட்டியும் சீப்பும்தான் இருந்தன. அவர் காலைக் கீழே இறக்கினார். அடுத்த பை, அதற்கடுத்த பை... ஒரு காய்கூட இல்லை.

"அடியே, போட்டியா இல்லையா?" என்று மனைவியின் காதோரம் பல்லைக் கடித்தார்.

"சத்தியமாப் போட்டேங்க."

ஏட்டம்மா உள்ளே போய், தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய பூப்போட்ட பைக்குள் கையை விட்டார். பாக்கெட் வந்தது.

"இது யாரு பை?"

"என் பைதாம்மா" என்றாள் ஜோதிலட்சுமி. "தலைவி பையிலதான் போடணும்னு முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாக."