தொண்ணூறு மில்லி

நூலகர் அம்மா புத்தகங்களுக்கு முத்திரை குத்தி முடிப்பதற்குள் நான்காவது முறையாகப் போன் அடித்தது.

“அக்கா, தொண்ணூறு மில்லி கலக்கினேன். அறுபதுதான் குடிச்சான். மூஞ்சியைத் திருப்பிக்கிறான்.”

“திருப்பினா விட்டுடு. ஒன்றரை மாசப் பிள்ளை ஒரு வேளைக்கு அறுபதும் குடிக்கும், நூறும் குடிக்கும்.”

“பால் பவுடர் டப்பாவுல தொண்ணூறுன்னு போட்டிருக்கே?”

“டப்பாவா குடிக்குது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?”

“ஏழெட்டுத் தடவை.”

“எடை ஏறுதா?”

“ஏறுதுக்கா.”

“அப்புறம் ஏன் என் உயிரை எடுக்கிறே? தோள்ல போட்டு முதுகைத் தட்டு.”

“மிச்சப் பாலை அடுத்த வேளைக்கு...”

“கீழே கொட்டு! காலையிலேர்ந்து இதையே எத்தனை தடவை சொல்றது? உன் வீட்டுக்காரர் எங்கே?”

“தூங்குறார்.”

“நல்லாத் தூங்கட்டும்!” பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தார்.

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் சிரித்தார். “உங்க தங்கச்சி உங்களைப் பாடாய்ப் படுத்துறாங்களே மேடம்!”

“தங்கச்சியா? எனக்குக் கூடப் பிறந்தவங்க யாருமில்லை.”

“அப்போ இது யாரு?”

“என்னை விவாகரத்து பண்ணின மனுஷன் ரெண்டாவதாக் கட்டிக்கிட்ட பொண்ணு.”

உதவியாளர் கையிலிருந்த புத்தகத்தை வைக்க மறந்து நின்றார். “அவங்களுக்குப் போயா இவ்வளவும் சொல்றீங்க?”

நூலகர் அடுத்த புத்தகத்தை இழுத்து முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“என் பிள்ளை பிறந்தப்பவும் அந்த ஆள் இப்படித்தான் தூங்கினார். அப்போ நான் போன் பண்ணிக் கேக்க எனக்கு ஒரு நாதியில்லை.”