இரண்டு தோள், இரண்டு அளவு

கடைக்குள் சாய்வாக வெயில் விழுகிறது, தையல் மிஷின் கடகடவென்று ஓடுகிறது. ஓய்வுபெற்ற டீச்சர் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். போன மாதம் இங்கேதான், பத்துப் பேர் பார்க்க, புது ரவிக்கையை டெய்லரின் மனைவி மேல் வீசி, "ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி... கண்ணு தெரியாதா உனக்கு?" என்று கத்தினாள். "தையல் சரிதாம்மா. என் முதுகெலும்புதான் வளைஞ்சிருக்கு," என்கிறாள் இப்போது, தரையைப் பார்த்து. "வயசாகி ஜவ்வு தேஞ்சுபோச்சாம். ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி செஞ்சா வலி குறையும், ஆனா வளைவு நிமிராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." மிஷின் நிற்கிறது. டெய்லர் கத்தரியைக் கீழே வைக்கிறார். "எனக்கு நாலு வருஷமாத் தெரியும் டீச்சர். ரெண்டு தோளுக்கும் தனித்தனியா அளவெடுத்து, வித்தியாசம் தெரியாமத் தச்சுக் குடுப்பேன். போன தடவை எனக்குக் காய்ச்சல், இவதான் தச்சா. இவகிட்டச் சொல்ல மறந்துட்டேன்." மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "நீங்க போட்டுக் காட்டினதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?" டீச்சருக்குக் காது மடல் சுடுகிறது. டெய்லரின் மனைவி எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். டீச்சரால் உட்கார முடியவில்லை.