இடது காதுக்கு மேலே

இதை எனக்குச் சொன்னவள் என் நாத்தனார் மகள். தோல் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். போன ஞாயிறு, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

முந்தின நாள் மாமனாரும் மருமகளுமாக இரண்டு பேர் வந்தார்களாம். மருமகளுக்கு இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி மெலிந்து தலைத்தோல் தெரிந்தது.

"கண்டதையும் தலையில தேய்ச்சா இப்படித்தான். நான் சொன்னா எவ கேக்குறா?" என்றார் இடது கையில் ஊன்றுகோலோடு நின்ற பெரியவர்.

மருமகள் சிரித்தாள்.

டாக்டரம்மா சின்னக் கேமராவை அவள் தலையில் வைத்தார். திரையைப் பார்த்த நர்ஸுக்குத் திக்கென்றது. மற்ற இடமெல்லாம் நாற்றங்கால் மாதிரி செழிப்பு. இங்கே மட்டும் வேர்கள் சுருங்கி, ஒவ்வொன்றிலும் சிலந்தி நூலாக ஒரே ஒரு முடி.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க."

கதவைச் சாத்தியதும் டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட்ல தைராய்டு இல்ல, ரத்தசோகை இல்ல. இது பிடிச்சு இழுத்து இழுத்தே வேர் சுருங்கினது. பயப்படாம சொல்லும்மா, வீட்டுல யாரு?"

அவள் தயங்கினாள். "மாமாதான்."

நர்ஸுக்கு ரத்தம் கொதித்தது. "பார்த்தா பசு மாதிரி இருக்காரு! போலீசுக்குப் போலாம்க்கா, நானும் கூட வரேன்."

"ஐயோ, நீ வேற!" பதறிப்போனாள் மருமகள். "மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துருச்சு. அப்ப நினைவும் தெளிவா இல்ல. பந்து குடுத்தோம், கயிறு குடுத்தோம், விரல் மடங்கவே இல்ல. ஒருநாள் குனிஞ்சு தலையணையைச் சரி பண்றப்ப என் பின்னலைக் கப்புனு பிடிச்சுட்டாரு. எனக்கு உயிர் போற வலி. ஆனா விரல் மடங்கிருச்சே! அன்னையிலேர்ந்து காலையும் சாயங்காலமும் பின்னலைத்தான் கையில குடுத்தேன். எட்டு மாசம். அதைப் பிடிச்சேதான் எழுந்து உக்காந்தாரு."

ஆயிரம் தலை பார்த்த நர்ஸ், திரும்பித் திரையைப் பார்த்தாள். கும்பிடத் தோன்றியதாம் அவளுக்கு.

"இப்ப முடியை இழுக்குறதுதான் நின்னுருச்சே. வேர் இன்னும் சாகல, மெல்ல வரும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெரியவர் கதவைத் தட்டினார். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"அந்தக் கைதான் தட்டுது" என்று பூரித்தாள் மருமகள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவருக்கு இது எதுவுமே ஞாபகம் இல்ல டாக்டர். நீங்களும் சொல்லிடாதீங்க."